ஒரு வட்டா, இரண்டு சம்மதம்

பொலன்னறுவை
14.06.1954

கிழக்குக் கரையின் பேரரசியும், என் ராத்தா ஹாஜறாவின் ஒரே மகளும், மாமன் சொல்லை ஒருநாளும் முழுதாக நம்பாதவளுமான நபீலாவுக்கு, இலங்கைத் தீவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டே திரும்புவதென்று கிளம்பிய தாய்மாமன் ஸைனுலாப்தீன் ஸலாமுடன் எழுதுவது.

முதலில், உன் உம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டிய பகுதி.

நேற்றுக் காலை சாய்ந்தமருதில் இருந்து எங்கள் கார் புறப்பட்டபோது ரோட்டின் இரண்டு பக்கமும் சனம். ஏப்ரலில் மகாராணி வந்து போனபோதுகூட இப்படிக் கூடியிருக்காது. ஆடுகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். காருக்கு நான் 'சுல்தான்' என்று பெயர் வைத்திருக்கிறேன். அது தான் நினைத்தால் ஓடும், நினைக்காவிட்டால் நாங்கள் இறங்கித் தள்ள வேண்டும். ஓட்டுகிறவர் காரின் சொந்தக்காரர் வேலப்போடியார். கல்முனைப் பக்கத்துப் பெரிய வயல்காரப் போடியார்களில் தன் கையால் கார் ஓட்டுகிறவர் இவர் ஒருவர்தான். இவர் ஓட்டுவதைப் பார்த்தால், மற்றவர்கள் ஏன் ஓட்டுவதில்லை என்று விளங்கும். பின் சீட்டில் மருதமுனை மீராசாஹிபு, ஒரு கட்டுக் கைத்தறிச் சாரனும் ஒரு தகர வாளியுமாக இருக்கிறார். சாரன் போகிற ஊர்களில் விற்க. வாளி வாந்திக்கு. கல்லடிப் பாலம் தாண்டுவதற்குள் வாளிக்கு வேலை வந்துவிட்டது.

வெலிக்கந்தையில் ஐம்பது யானைகள் ரோட்டை மறித்து நின்றன. உன் வாப்பா இறக்காமத்து வயலில் பரணில் ஏறி இருந்து தகரம் தட்டி விரட்டுகிறாரே, அதெல்லாம் இவற்றின் பேரப்பிள்ளைகள். போடியார் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு முருகனைக் கூப்பிட்டார். மீராசாஹிபு வாளிக்குள் தலையை வைத்தார். நான் இறங்கி, சால்வையைச் சரிசெய்து, ஒரு சலாம் சொன்னேன். தலைவன் யானை ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தது. பிறகு கூட்டத்தை ஒதுக்கி வழிவிட்டது.

இங்கே நிறுத்து. மீதி உனக்கு மட்டும்.

மகள், காரியத்தை நான் மறக்கவில்லை. இந்தச் சுற்றுலா எல்லாம் உன் உம்மாவின் கண்ணுக்கு. போன வருஷம் அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் படித்துக்கொண்டு, நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பயிற்சிக்கு வந்த சாலிஹ் மாஸ்டரைத் தவிர வேறு ஆளைக் கலியாணம் முடிக்கமாட்டேன் என்று நீ என்னிடம்தான் சொன்னாய். "மலைநாட்டு மனிசர், குடி கோத்திரம் தெரியாது" என்று உன் உம்மா காது கொடுக்கவே இல்லை. ஆகவே மாத்தளைக்கு மேலே, கல்பொத்தை என்ற அவருடைய ஊருக்கு நானே போகிறேன். நம் முறைப்படி மாப்பிள்ளை கேட்டுப் போவது பெண் வீட்டாரின் வேலை. வெற்றிலை அடுக்கிய, கால் வைத்த பித்தளை வட்டாவை நீட்ட வேண்டும். அவர்கள் வட்டாவை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டால் சம்மதம். திருப்பித் தந்தால் இல்லை. அவ்வளவுதான்.

உங்கள் வீட்டு வட்டா என் மடியில் இருக்கிறது. அதை எடுத்தபோது நீ பார்க்கவில்லை என்று நம்புகிறேன்.

மாத்தளைத் தபால் கந்தோரில் என் பெயருக்கு எழுது.

உன் மாமன்,
ஸைனுலாப்தீன்


சாய்ந்தமருது
17.06.1954

அன்புள்ள மாமா,

அஸ்ஸலாமு அலைக்கும். கடிதம் கிடைச்சுது. "இங்கே நிறுத்து" எண்ட இடத்தில நிறுத்தினன். ஆனா அது பக்கத்தின்ட நடுவில வந்ததால, "மிச்சத்தில என்ன?" எண்டு உம்மா கேட்டா. "பொலன்னறுவையில வெயில் கூடவாம்" எண்டு மூண்டு தரம் வாசிக்க வேண்டியதாப் போச்சு. இனிமேல் வேறவேற கடதாசியில எழுதுங்க.

யானைக் கதையை வாப்பாவுக்கும் சொன்னன். நீங்க சொல்ற எதையும் பத்தால வகுக்க வேணும் எண்டுதான் அவர் எப்பவும் சொல்றவர். ஐம்பதை வகுத்து ஐஞ்சு எண்டார். நேற்று வேலப்போடி மாமாட பெண்சாதி செல்லத்தங்கம் மாமி தனக்கு வந்த கடிதத்தோட வந்தா. அதில ஒரு எருமைதான் நிண்டதாம். அதுவும் படுத்துக் கிடந்ததாம். நீங்க இறங்கேல்லையாம். ஹோன் அடிச்சதுதானாம்.

வட்டா எடுத்ததை நான் பார்த்தன். நான் பார்க்காட்டியும் உம்மா பார்த்திருப்பா. ஏனெண்டா இண்டைக்கு அவ அதைத்தான் தேடுறா. அக்கரைப்பற்று நெல்லு மில்காரர்ட மகனைக் கேட்டுப் போறதுக்கு ஆள் பார்த்தாச்சு. வட்டாட கால் ஆடுது எண்டு பத்த வைக்கக் குடுத்திருக்கன் எண்டு சொல்லியிருக்கன். இந்தப் பொய் எவ்வளவு நாளைக்குக் காலூண்டி நிக்குமோ தெரியாது. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முதல் எனக்கு ஒரு முடிவு வைக்கிறதெண்டு உம்மா நிக்கிறா.

மாமா, ஒரே ஒரு விசயம். அந்த வீட்டுக்குப் போனா, "எங்கட புள்ள நபீலாவுக்கு உங்கட மகன் சாலிஹைக் கேட்டு வந்தம்" எண்டு சொல்லுங்க. இதுதான் முழுப் பேச்சு. இதுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் ஒண்டும் வேணாம். யானை வேணாம், சுல்தான் வேணாம், நம்மட வீட்டுக்குப் புது அறை கட்ட வேணாம். நீங்க கதைச்சு முடிக்கக்குள்ள என்ன கேட்டு வந்தீங்க எண்டதை அவங்க மறந்திடுவாங்க.

என்ட முழு வாழ்க்கையும் உங்கட வாயில இருக்கு. அதை நினைச்சா நித்திரை வருகுதில்ல.

நபீலா


மாத்தளை
19.06.1954

வெற்றி! வெற்றி! வெற்றி!

நபீலா மகள், நீ அறிவுரை எழுதிய கடிதம் இன்று காலைதான் கையில் கிடைத்தது. நேற்றே காரியம் முடிந்துவிட்டது. வானத்தில் போகிற கப்பலுக்கு ரோட்டில் நின்று வழி சொல்லியிருக்கிறாய். இருந்தாலும் மன்னித்தேன்.

கல்பொத்தைக்கு ஏறுகிற ரோட்டை ரோடு என்று சொல்லக் கூடாது. நட்ட ஏணி என்று சொல்ல வேண்டும். சுல்தான் மூன்று இடத்தில் நின்று யோசித்தான். மேகம் காருக்குள் வந்து மீராசாஹிபுக்குப் பக்கத்தில் இருந்து போனது. ஏறி முடிந்தால், மிளகுக் கொடியும் கொக்கோ மரமும் சூழ்ந்த ஒரு வீடு. சாலிஹ் மாஸ்டரின் வாப்பா அபூசாலி என்ற பெரியவர் விறாந்தையில் நின்றார். தாய் மௌத்தாகிக் கனகாலமாம். சாலிஹ் வீட்டில் இல்லை. குருநாகல் பக்கம் படிப்பிக்கிறார், மாசக் கடைசியில்தான் வருவாராம்.

வட்டாவை நடுவில் வைத்தேன். ஒரு சீப்புக் கதலி, ஒரு பெட்டி முஸ்கட் அல்வா, ஒரு சட்டி எருமைத் தயிர். தயிர் மட்டக்களப்பில் வாங்கியபோது தயிராகத்தான் இருந்தது. பிறகு எழுந்து நின்று பேசினேன். நீ சொன்ன மாதிரி, "உங்கட மகனைத் தாங்க" என்று கேட்பதற்கு நாம் என்ன கடையில் புளி வாங்கவா போனோம்? "இந்த வீட்டில் ஒரு மாணிக்கம் இருப்பதாக எங்கள் கரை முழுக்கப் பேச்சு. அந்த மாணிக்கத்தைக் கேட்டு வந்திருக்கிறோம்" என்றேன். எங்கள் வீட்டு அறைகளை எண்ணினேன். சற்றுக் கூடிவிட்டது. கிணற்றுத் தண்ணீரைப் பன்னீர் என்றேன். தென்னைகளைச் சொன்னேன். "மாப்பிள்ளை வந்து காலை நீட்டிப் படுத்தால், தேங்காய் தானாக இறங்கி வந்து உரித்துக்கொள்ளும்" என்றேன். அந்த இடத்தில் திரைச்சீலைக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். பேச்சு பலித்தது என்பதற்கு அதுவே அத்தாட்சி.

இவர்கள் விசாரிக்கிற முறைதான் கொஞ்சம் வித்தியாசம். மாமனாகிய என்னையே துருவித் துருவிக் கேட்டார் பெரியவர். "உங்களுக்கு வயசு என்ன மகன்? முந்திக் கலியாணம் ஏதும் ஆகியீக்கிதா?" (இவர்கள் 'இருக்கு' என்பதை 'ஈக்கி' என்கிறார்கள்.) "இல்லை. அறிவு கூடிப்போனதால் அந்தப் பக்கம் போகவில்லை" என்றேன். அவருக்கு முகம் மலர்ந்தது. "பல்லெல்லாம் சொந்தமா? ஈளை இழுப்பு ஈக்கிதா?" "பாக்கைக் கடித்துக் காட்டட்டா?" என்று கேட்டு, கடித்தும் காட்டினேன். போடியார் கண்ணில் தண்ணீர் வர இருமினார்.

பிறகு பெரியவர் ஒரு அளவு நாடாவை எடுத்து வந்து என் தோளையும் கையையும் அளந்தார். சட்டை தைப்பதற்காம்! மலைநாட்டு மரியாதை அப்படி. வந்த விருந்தாளிக்கே சட்டை தைக்கிறவர்கள் மாப்பிள்ளைக்கு என்ன செய்யமாட்டார்கள்? "கையை இன்னும் கொஞ்சம் நீட்டச் சொல்லுங்க வாப்பா, மடக்கிப் பிடிச்சிக்கிட்டு ஈக்கிறாரு" என்றது திரைக்குப் பின்னால் இருந்து ஒரு குரல். சாலிஹின் மூத்த சகோதரி ஸைனம்பு. தையல் மெஷின் வைத்திருக்கிறாவாம்.

முடிவில் பெரியவர் வட்டாவைத் தன் கையாலேயே எடுத்து உள்ளே கொண்டுபோனார். ஃபாத்திஹா ஓதினார். "மகன் சாலிஹ் கேள்விப்பட்டா அவனுக்கும் பெரிய சந்தோசமா ஈக்கும்" என்றார். இனிப்புக்கு வட்டிலப்பம் வந்தது. போடியார் தின்றதை எழுதினால் நீ பத்தால் அல்ல, நூறால் வகுப்பாய்.

நாங்கள் கண்டியைப் பார்த்துவிட்டு வியாழக்கிழமை மாத்தளைக்குத் திரும்புவோம். கலியாணச் சாரியின் நிறத்தை யோசித்து வை.

வெற்றி வீரன்,
உன் மாமன்


சாய்ந்தமருது
22.06.1954

மாமா,

உங்கட சட்டை அளவு அவங்களுக்கு எதுக்கு?

பல்லைக் கேட்டாங்க, ஈளையைக் கேட்டாங்க, முந்திக் கலியாணம் ஆனதா எண்டு கேட்டாங்க. என்னைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்டாங்களா? என்ட பெயரையாவது கேட்டாங்களா? உங்கட கடிதத்தை நாலு தரம் வாசிச்சன். என்ட பெயர் அதில மேல ஒரு இடத்திலதான் இருக்கு. அதுவும் எனக்கு எழுதினபடியால.

சாலிஹ் மாஸ்டர் ஒருநாள் வகுப்பில சொன்னவர். அவங்கட ஊர்ல ஆம்புளை வீட்டார்தான் பொண் கேட்டுப் போவாங்களாம். பொம்புளைதான் புருசன் வீட்டுக்குப் போய் இருப்பாவாம். நம்மட முறையைக் கேட்டிட்டு, எல்லாம் தலைகீழா இருக்கு எண்டு சிரிச்சவர். நானும் சிரிச்சன். இப்ப சிரிப்பு வருகுதில்ல.

விளங்கிச்சா மாமா? கலியாணமாகாத ஒரு ஆம்புளை வட்டாவோட வந்து, "இந்த வீட்டு மாணிக்கத்தைத் தாங்க" எண்டு கேட்டா, மகளைத்தான் கேட்டு வந்திருக்கார் எண்டு அவங்க நினைப்பாங்க. அவங்க சம்மதிச்சது எனக்கு சாலிஹை இல்ல. உங்களுக்கு ஸைனம்பு ராத்தாவை. நீங்க பாக்கைக் கடிச்சுக் காட்டி மாப்பிள்ளையா பாஸ் பண்ணிட்டீங்க!

நீங்க போய் உண்மையைச் சொல்லத்தான் வேணும். ஆனா வட்டாவைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்திடாதீங்க. அந்த ராத்தாவை யோசிச்சுப் பாருங்க. வீடு தேடி வந்து கேட்டு, வாப்பா ஓதிச் சம்மதிச்சு, சட்டைக்கு அளவும் எடுத்த பிறகு, "உங்களைக் கேக்கேல்ல, தவறிப் போச்சு" எண்டு சொன்னா அவட முகம் என்னத்துக்கு ஆகும்? அப்படி ஒரு பொம்புளைட முகத்தில மிதிச்சுக்கொண்டு வாற மாப்பிள்ளை எனக்கு வேணாம். சாலிஹா இருந்தாலும் வேணாம்.

அதே நேரம் எனக்காக எண்டு நீங்க ஒண்டையும் தலையில கட்டிக்கொள்ளவும் வேணாம். அதையும் சொல்லிப்போட்டன்.

இங்க உம்மா பொறுக்கமாட்டாம சித்தி லைலா வீட்டு வட்டாவை இரவலுக்குக் கேட்டிருக்கா. வாற மாசம் ரெண்டாம் திகதி ஜும்ஆவுக்குப் பிறகு அக்கரைப்பற்றுக்குப் போறாங்க. அதுக்கு முதல் ஏதும் செய்யுங்க. யோசிச்சுச் செய்யுங்க.

நபீலா


மாத்தளை
25.06.1954

நபீலா மகள்,

நேற்று உன் கடிதத்தைத் தபால் கந்தோர் வாசலில் நின்று வாசித்தேன். வாசித்து முடித்ததும் அங்கேயே படியில் இருந்துவிட்டேன்.

போடியாரிடம் நீட்டினேன். வாசித்துவிட்டு, "ஓம் காக்கா, பல்லைக் கேட்கக்குள்ளேயே எனக்கு விளங்கிட்டுது" என்றார்.

"விளங்கினா ஏன் மனிசன் வாயைத் திறக்கல்ல?"

"வாயைத் திறந்துதான் இருந்தன். வட்டிலப்பம் வந்துகொண்டு இருந்துது."

மீராசாஹிபுவைப் பார்த்தேன். "நாடாவை எடுக்கக்குள்ள எனக்கும் விளங்கினது. நீங்க விரும்பித்தான் கையை நீட்டுறீங்க எண்டு நினைச்சன்" என்றார். இப்படிப்பட்ட நண்பர்களோடு உலகம் சுற்றப் புறப்பட்டவன் நான்.

இன்று காலை மறுபடியும் மலை ஏறினோம். வழி முழுக்க ஒரு பிரசங்கம் தயாரித்து வைத்திருந்தேன். பெரியவர் தோட்டத்தில் மிளகு பார்க்கப் போயிருந்தார். நாங்கள் மூவரும் விறாந்தையில் இருந்தோம். திரைக்குப் பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

"சொல்ல வந்ததைச் சொல்லுங்க" என்றது குரல்.

நான் தொண்டையைச் செருமி, "கிழக்குக் கரையில் ஒரு வழக்கம்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். தம்பி அட்டாளைச்சேனையில படிக்கக்குள்ள எல்லாம் சொல்லியீக்கான். சாய்ந்தமருதில நபீலா எண்டு ஒரு புள்ள ஈக்கிறா எண்டும் சொல்லியீக்கான். வாப்பாட்ட வாய் திறக்கத்தான் அவனுக்குப் பயம். நீங்க 'மாப்பிள்ளை வந்து காலை நீட்டி' எண்டு சொல்லக்குள்ள எனக்கு விளங்கிச்சி, யாருக்கு யாரைக் கேட்டு வந்தீக்கீங்க எண்டு. இந்த மலையில எந்த மாப்பிள்ளை பொண் வீட்டுல போய்க் காலை நீட்டினான்?"

"அப்ப ஏன் வாப்பாட்ட நாடாவைக் குடுத்து விட்டீங்க?"

"எவ்வளவு தூரத்துக்குப் போறீங்க எண்டு பார்க்க. பாக்கு வரைக்கும் போனீங்க."

போடியார் எழும்பி, மிளகுக் கொடி பார்க்கவேண்டும் என்று முற்றத்துக்கு இறங்கினார். மீராசாஹிபு இருந்த இடத்திலேயே பழைய பேப்பர் ஒன்றை எடுத்து விரித்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார்.

ஸைனம்பு சொன்னா: "நீங்க ஒண்டும் யோசிக்க வாணாம். நான் மாப்பிள்ளை வாணாம் எண்டு வாப்பாட்ட சொல்றேன். முந்தியும் கன பேரை வாணாம் எண்டவதான், ஊருல யாரும் புதினமா நினைக்கமாட்டாங்க. குத்தம் என் பக்கம் போகட்டும். பொறகு தம்பிக்கு நபீலாவை நானே கேட்டு முடிச்சித் தாறேன். வட்டா உள்ளயே ஈக்கட்டும், வந்த காரியத்துக்கே பாவிச்சிக்கொள்ளலாம்."

"அந்தக் கன பேரை ஏன் வேணாம் எண்டீங்க?"

"வந்தவங்க எல்லாம் தோட்டத்து மிளகைத்தான் பார்த்தாங்க."

"அப்ப என்னை ஏன் அண்டைக்கே வேணாம் எண்டு சொல்லல்ல?"

"நீங்கதான் என்னைக் கேக்கவே இல்லையே!"

பிறகு திரைக்குக் கீழே ஒரு கை வந்து, மடித்த சட்டை ஒன்றை வைத்தது. "தைச்சி முடிஞ்சி. எடுத்துக்கிட்டுப் போங்க. வேற யாருக்கும் பொருந்தாது."

முகம் பார்க்கவில்லை. கையில் ஒரு வளையல் இருந்தது.

பெரியவர் வருவதற்குள் இறங்கி வந்துவிட்டோம். வாணாம் என்று வாப்பாவிடம் எப்போது சொல்லவேண்டும் என்று நான் வந்து சொல்கிறவரைக்கும் பொறுத்திருப்பதாக ஸைனம்பு சொன்னா. நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

சட்டை சரியாக இருக்கிறது.

மாமா


சாய்ந்தமருது
28.06.1954

அன்புள்ள மாமா,

இந்த முறை நான் ஒரு வரியும் விடாம, மாத்தாம, முழுக் கடிதத்தையும் உம்மாவுக்கு வாசிச்சன். முந்தினதுகளையும் சேர்த்து எல்லாத்தையும். வட்டா எங்க இருக்கு எண்டதையும்.

முதல்ல உம்மா ஏசினா. என்னை, உங்களை, வேலப்போடி மாமாவை, அட்டாளைச்சேனைக் கலாசாலையை. கலாசாலையைக் கட்டின மேசன்மார்வரைக்கும் போனா. மறுகா, "அந்தப் பொம்புளை எப்பிடி எண்டு எழுதியிருக்கானா?" எண்டு கேட்டா.

"இல்ல உம்மா. கையில ஒரு வளையல் எண்டு மட்டும்தான் இருக்கு."

"நிலவு, நட்சத்திரம், சொர்க்கத்து ஹூருலீன் எண்டு ஒண்டும் இல்லையா?"

"இல்ல."

"எருமையை ஐம்பது யானை ஆக்கினவன், ஒரு வளையலை ஒரு வளையல் எண்டா எழுதியிருக்கான்? கிறுகி வாசி." கிறுகி வாசிச்சன். "சட்டை சரியாக இருக்கிறது" எண்ட இடத்தில கையை நீட்டி நிப்பாட்டினா. "அவனுக்குச் சரியா வந்திட்டுது" எண்டா. கண்ணைத் துடைச்சுக்கொண்டு, சித்தி லைலாட வட்டாவைத் திருப்பிக் குடுத்துவிடச் சொல்லி என்னட்டத் தந்தா. அக்கரைப்பற்றுக்குப் போறேல்ல.

உம்மா சொன்னதை அப்படியே எழுதுறன்: "நீ வட்டா கொண்டு போனது புள்ளைக்குக் கேட்க. அதை ஒழுங்காக் கேள். உனக்கும் கேக்கிறதெண்டா, அதையும் உன்ட வாயால, அந்தப் பொம்புளைட பெயரைச் சொல்லிக் கேள். மாணிக்கம், முத்து எண்டு திரும்பவும் தொடங்கினா நானே மலை ஏறி வருவன். சாலிஹை நான் கண்ணால பார்க்காம சொல் குடுக்கமாட்டன். சுல்தானில ஏத்தி அனுப்பு. பார்த்துப் புடிச்சா, அதே காரில நாங்க உன்ட நிக்காஹுக்கு வாறம்."

இனி என்ட கேள்வி. நம்மட முறை எண்டா முறைதான் மாமா. சாலிஹ் இங்க வந்து எங்கட வீட்டில இருக்கிறதெண்டா, நீங்க அங்க போய் ஸைனம்பு ராத்தா வீட்டில இருக்கவேணும். ஒரு பக்கத்துக்கு ஒரு முறை, மற்றப் பக்கத்துக்கு இன்னொரு முறை எண்டு வைக்க ஏலாது. மகனையும் மகளையும் ஒரே நாளில மலையால இறக்கி விட்டிட்டு அந்தப் பெரியவர் யாரோட இருப்பார்?

இதை எழுதக்குள்ள எனக்கு என்னவோ செய்யுது. பின்னேரத்தில நீங்க வந்து கதிரையை இழுத்துப் போட்டு, உலகத்தில நடக்காத எல்லாத்தையும் சொல்லுவீங்க. இனி அதை வகுக்கிறதுக்கு எங்களுக்கு ஒண்டும் இருக்காது.

ஆனாலும் கேளுங்க. பயப்படாமக் கேளுங்க.

நபீலா


கல்பொத்தை
03.07.1954

என் நபீலா மகளுக்கு,

உன் உம்மாவின் கட்டளையை மடித்துப் புதுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேற்று ஜும்ஆவுக்குப் பிறகு ஏறினேன். சாலிஹும் வந்திருந்தார். பெரியவர் கதிரையில் இருந்தார். திரைக்குப் பின்னால் மெஷின் ஓடவில்லை.

நின்றுகொண்டே சொன்னேன். "நான் ஒரு பிழை செய்துவிட்டேன். வந்தது எங்கட புள்ள நபீலாவுக்கு உங்கட மகன் சாலிஹைக் கேட்டு. அதை நான் சொல்லவில்லை."

பெரியவரின் முகம் கறுத்தது. சாலிஹ் எழும்பி, இருந்து, மறுபடி எழும்பினார். முற்றத்தில் போடியார் மிளகை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்தார்.

"அது முதலாவது. ரெண்டாவது, உங்கட மகள் ஸைனம்புவை எனக்குக் கேட்டு வந்திருக்கிறேன்."

பிறகு பெரியவர் கேட்டார்: "பொழையத் திருத்தவா, பொண்ணைக் கேக்கவா?"

"பொண்ணைக் கேட்க. பிழையைத் திருத்த வந்திருந்தால் ஒன்றோடு நிறுத்தியிருப்பேன்."

அவர் உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "மகள், இந்த மனிசன் என்ன சொல்றார் எண்டு கேட்டதா?"

"கேட்டது வாப்பா. இந்த முறை என்னைத்தான் கேக்கிறாரு" என்றது திரை.

"உனக்கு?"

"அளவு எடுத்துத் தைச்சதை இனி யாருக்குக் குடுக்கிற?"

பெரியவர் சிரிக்கவில்லை. அவருக்கு ஒரு கணக்கு மிச்சம் இருந்தது. "எங்கட மொறயில பொண்ணு போவா. ஒங்கட மொறயில மாப்பிள்ளை போவார். எந்த மொறயில செய்யிற? எங்கட மொறப்படி சாலிஹுக்குப் பொண்ணு இங்க வரணும், ஸைனம்பு அங்க போகணும்."

"எங்கட முறையிலதான். ரெண்டுக்கும்" என்றேன். "சாலிஹ் இறங்கட்டும். நான் இங்கே இருக்கிறேன்."

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். வெலிக்கந்தையில் அந்த எருமை பார்த்தது போலவே இருந்தது. (ஓம், எருமைதான். படுத்துத்தான் கிடந்தது.) "கடக்கரை மனிசனுக்கு இந்தக் குளிர் தாங்குமா?"

"தாங்காது" என்றேன். "பழகுவேன்."

அப்போதுதான் சிரித்தார். சிரித்துக்கொண்டே உள்ளே போய் நம் வட்டாவை எடுத்து வந்தார். பழைய வெற்றிலையைத் தட்டிவிட்டு, தன் கொடியில் இருந்து புது வெற்றிலை பறித்து அடுக்கி, சாலிஹின் கையில் கொடுத்தார். "இதைக் கொண்டுபோய் அந்தப் புள்ளட உம்மாட முன்னால வை. எடுத்து உள்ளுக்கு வச்சா சம்மதம் எண்டு தெரிஞ்சிக்கோ" என்றார். மகள், வட்டா போன வேலையை முடித்துவிட்டு உங்கள் வீட்டுக்கு வருகிறது. கால் ஆடவில்லை.

இலங்கைத் தீவைச் சுற்றி வரப் புறப்பட்டவன் கொழும்பையும் காலியையும் யாழ்ப்பாணத்தையும் பார்க்காமல் பாதியில் நின்றுவிட்டான் என்று ஊரில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மீதித் தீவு ஓடிவிடாது. உன் நிக்காஹுக்கு நாங்கள் இரண்டு பேரும் கட்டாயம் வருவோம். வந்துவிட்டு மறுகா இங்கேதான். பின்னேரக் கதைகளைக் கடிதத்தில் எழுதுகிறேன். வகுப்பது உங்கள் பொறுப்பு.

என் நிக்காஹ் வரைக்கும் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஒரு அறை தந்திருக்கிறார்கள். ராத்தாவும் மச்சானும் வருகிறவரைக்கும் பெரியவருக்கு மிளகு பறிக்கவேண்டும். ஏணியில் ஏறத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்று சொன்னேன். இங்கே வந்த பிறகு இப்படி அடிக்கடி உண்மை வருகிறது. மலைக் காற்றாக இருக்கும்.

சுல்தான் இப்போது வாசலில் உறுமிக்கொண்டு நிற்கிறான். நான் எழுதி முடிக்கவேண்டும் என்று போடியார் காத்திருக்கிறார். இந்தக் கடிதம் சாலிஹின் கையில்தான் உன் வீட்டுக்கு வருகிறது. முன்னால் என் இடத்தில் அவர் இருக்கிறார், மடியில் வட்டா. பின்னால் மீராசாஹிபு. சாரன் எல்லாம் விற்றுவிட்டது, வாளி மட்டும் மிச்சம். அதைச் சாலிஹுக்கும் ஒரு பக்கம் பிடிக்கக் கொடுத்திருக்கிறார். வளைவு ரோட்டில் அவருக்கும் தலை சுற்றுமாம். உன் உம்மாவிடம் இதைச் சொல்லாதே. முதலில் அவரை முகம் கழுவச் சொல்.

சற்றுமுன் போடியார் காரின் பின்பக்க மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டு கேட்டார். "காக்கா, கார் எப்பிடியும் கிறுகி வரத்தானே போகுது. நீங்களும் ஒருக்கா ஊருக்கு வந்திட்டு வரலாம். உங்கட பெட்டியையும் ஏத்தட்டா?"

நான் வீட்டுப் பக்கம் பார்த்தேன். திரைச்சீலை அசைந்தது.

"வேணாம்" என்றேன்.

அதை வகுக்கத் தேவையில்லை, மகள்.

மாமா